ஒரு திட்டு வேண்டித் தொண்டாமுத்தூர் வரை

என் கணவரைத் திட்டும்படி ஓர் ஆளைக் கேட்டுக்கொள்வதற்காக நான் கோயம்புத்தூருக்குப் போனேன். கோயில் பார்க்க, பட்டுச்சேலை எடுக்க, மூட்டுவலிக்கு எண்ணெய் தேய்க்க என்று எங்கள் மலேசியத் தைப்பிங்கிலிருந்து தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் நிறைய உண்டு. திட்டு வாங்கிவரக் கிளம்பியவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

என் கணவர் மாணிக்கம் முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். கண்பார்வை மங்கியதால் ஓட்டுநர் உரிமம் போயிற்று, பேருந்தும் கைமாறியது. அன்று சாயங்காலம் சோபாவில் படுத்தார். எட்டு மாதம் கழித்தும் அங்கேயேதான் கிடந்தார். கெஞ்சினேன், அழுதேன், ஒருநாள் சோபாவையே விற்றுவிடுவேன் என்று மிரட்டினேன். "படுத்தா உனக்கு என்னா நஷ்டம்?" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நாளெல்லாம் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே வாழ்வது எனக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் யாரோ 'நாலரை மணி' என்ற சேனலை அனுப்பிவைத்தார்கள். தென்னந்தோப்பில் நின்றுகொண்டு தங்கவேலு என்று ஓர் இளைஞன் தினமும் மூன்று நிமிஷம் திட்டுவான். முன்னுரை கிடையாது, தத்துவம் கிடையாது. "எந்திரிடா! இன்னும் என்னடா படுக்கை? ஊரே ஓடிக்கிட்டிருக்குது, நீ மட்டும் கெட" என்றுதான் ஆரம்பிப்பான். முதல் நாள் அதைக் கேட்டு என் கணவர் எழுந்து உட்கார்ந்தார். யார் அது என்று கேட்டார். கேட்டுவிட்டு, எட்டு மாதத்தில் முதல்தடவையாக, அவருக்கு அவரே தேநீர் கலக்கிக் குடித்தார். அடுத்த நாள் பசார் வரை நடந்தார். நான் சாமி படத்துக்குப் பக்கத்தில் போனை வைத்து ஊதுபத்தி காட்டாததுதான் பாக்கி.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அவன் நாலரை மணிக்கு நேரலையில் வந்தால் எங்களுக்கு மணி ஏழு. இரண்டரை மணி நேர வித்தியாசம். தைப்பிங்கில் நாங்கள் நன்றாகத் தூங்கி, பல் துலக்கி, ரோட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே "நாங்களும் நாலரை மணிக் கூட்டம்" என்று பெருமை பேசிக்கொண்டிருந்தோம்.

திடீரென்று ஒருநாள் அவன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்று வாரமாயிற்று. மாணிக்கம் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். பழைய திட்டுகளைப் போட்டுக் காட்டினால், கேட்டதுதானே என்றார். சேனலுக்குக் கீழே கெஞ்சிக் கெஞ்சி எழுதிப் பார்த்தேன், பதில் இல்லை. எதிர்வீட்டுப் பாத்திமாவிடம் அவருக்குச் சோறு கொடுக்கச் சொல்லிவிட்டு, சேனலில் போட்டிருந்த தொண்டாமுத்தூர் என்ற ஊர்ப்பெயரை நம்பிக் கிளம்பினேன்.

முதல் நாள் உக்கடத்தில், பெரிய குளம் தெரிகிற லாட்ஜில் தங்கினேன். அறைக்கு வருவதற்குள்ளேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆட்டோக்காரர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பாலத்துக்குக் கீழே இரண்டு பைக்குகள் மோதிக்கொண்டன. இனி ரத்தக்களறிதான் என்று ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டினேன்.

"ஏனுங்க, பாத்து வரமாட்டீங்களா?"

"நீங்கதானுங்க குறுக்கால வந்தீங்க."

சண்டை அவ்வளவுதான். இருவரும் கண்ணாடியை நிமிர்த்திக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் ஊரில் இதற்குள் மூன்று மொழியில் அம்மாவை இழுத்திருப்பார்கள். இப்படிப்பட்ட ஊரில் அப்படி ஒரு வாய் எங்கிருந்து முளைத்தது என்று யோசித்துக்கொண்டே கோட்டைமேட்டுப் பக்கம் போய் பிரியாணி சாப்பிட்டேன். கடைக்கார பாய் இரண்டாவது கரண்டி போடும்போது என் அனுமதியைக் கேட்கவில்லை. மரியாதை மிகுந்த அந்த ஊரில் நான் கண்ட ஒரே அத்துமீறல் அது, அதற்கு நன்றி.

இரண்டாம் நாள் காலையில் உக்கடம் பேருந்து நிலையத்தில் தொண்டாமுத்தூருக்கு வழி கேட்டேன். ஒருவர் மிக விரிவாக, மிக அன்பாகச் சொன்னார். அந்த அன்பில் மயங்கிப் பக்கத்து வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அது பாலக்காட்டுக்குப் போகிறது என்று நடத்துநர் மலையாளத்தில் சொன்னபோது ஊர் தாண்டியிருந்தது. பலகையை இன்னும் பெரிதாக எழுதியிருக்க வேண்டும் என்று அவரோடு வாதம் செய்தேன். முன்சீட்டில் ஒரு பெண் போனில் பேசிக்கொண்டிருந்தாள். எனக்குப் புரிந்த அளவில் அந்த மலையாளத்தின் தமிழாக்கம் இது: "இங்கே ஒரு அக்கா தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டு பஸ்ஸைத் திட்டிக்கொண்டிருக்கிறார், அம்மா. இல்லை, இல்லை, நன்றாகத்தான் இருக்கிறார்."

முப்பது வருஷம் பேருந்துக்காரனோடு குடித்தனம் நடத்தியவளை மதுக்கரையில் இறக்கிவிட்டார்கள். திரும்பி வந்து, வேறு வண்டி பிடித்து, தொண்டாமுத்தூரில் இறங்கி, அந்தத் தோப்பைக் கண்டுபிடிக்கும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மலை மிகப் பக்கத்தில் நின்றது. ஓரத்துத் தென்னைகளில் நான்கைந்து சாய்ந்து கிடந்தன. யானை வேலை.

வாசலுக்கு வந்த பெண் நான் யார் என்றுகூடக் கேட்கவில்லை. முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடித்த பிறகுதான் "சொல்லுங்கம்மா" என்றாள். அவள் கவிதா, நான் தேடிவந்தவனின் மனைவி. நான் மலேசியாவிலிருந்து வருகிறேன் என்றதும் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்: "ஏனுங்க, ஒறம்பரை வந்திருக்காங்க."

விருந்தாளிக்கு அங்கே அதுதான் சொல். ஒறம்பரை என்ற வார்த்தை கேட்டதும் ஓர் ஒல்லியான ஆள் ஒரு கையில் நாற்காலியும் மறு கையில் இளநீருமாக ஓடிவந்தான். முகத்தில் அந்தச் சீற்றம் இல்லாததால் அடையாளம் தெரியாமல், இவன் வேலைக்காரன் போலிருக்கிறது என்று நினைத்து, தங்கவேலுவைக் கூப்பிடப்பா என்றேன். நான்தானுங்க என்றான். மூன்று நிமிஷத்தில் எங்கள் வட்டாரத்தையே எழுப்பிவிட்ட சிங்கம் என் முன்னால் நாற்காலியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தது.

அவன் எப்படிப் பேச்சாளன் ஆனான் என்பதைச் சாப்பாட்டின்போது கவிதாதான் சொன்னாள். அரிசிபருப்புச் சோறு, மேலே நெய், பக்கத்தில் கொள்ளுச் சட்னி. இலையில் இடம் தெரிந்தால் அவள் விடமாட்டாள். அவன் பொறியியல் படித்துவிட்டு பம்ப் செய்கிற ஒரு பட்டறையில் கொஞ்ச நாள் இருந்தான். அப்பா காலமானதும் தோப்புக்குத் திரும்பினான். மோட்டார் ஓட மும்முனை மின்சாரம் வேண்டும், அது அவர்களுக்கு விடியலுக்கு முன்னால்தான் வந்தது. அவனும் எழுந்து போவான், மோட்டார் மட்டும் எழாது. ஒருநாள் பொறுமை போய், யாரும் இல்லை என்ற தைரியத்தில், மோட்டாரை வாய்க்கு வந்தபடி திட்டினான். எந்திரிடா, இன்னிக்கு ஓடாம என்னைக்கு ஓடப் போற, தின்ன கரண்ட்டெல்லாம் எங்கடா போச்சு என்று மூன்று நிமிஷம். பின்னால் வந்த கவிதா சிரிப்பதற்காக அதைப் படம்பிடித்தாள். மோட்டார் தெரியாமல் முகம் மட்டும் விழுந்திருந்தது. தோழிகளுக்கு அனுப்பினாள். ஒரே வாரத்தில் அது ஊர் உலகமெல்லாம் போய்விட்டது. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இந்த மனுஷன் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன் என்றாள்.

அதற்குப் பிறகு மோட்டார் அறை வாசலில் போனை நிறுத்திவைத்து, போனுக்குப் பின்னால் மோட்டாரைப் பார்த்துக்கொண்டு தினமும் திட்டினான். மோட்டாரைப் பார்த்தால்தான் வார்த்தை வருமாம். உடற்பயிற்சிக்கூடம் ஒன்று அவன் படத்தைப் பெரிதாகப் போட்டுப் பலகை வைத்தது. சட்டைகளில் 'எந்திரிடா' என்று அச்சடித்தார்கள். ஒரு கம்பெனியில் இருநூறு பேர் முன்னால் பேசக் கூப்பிட்டார்கள். மேடையேறியவன் எல்லாரையும் பார்த்தான், எல்லாரும் மனிதர்களாக இருந்தார்கள். சாப்பிட்டீங்களா என்று விசாரித்துவிட்டு, மீதி நேரம் சொட்டுநீர்ப் பாசனத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு இறங்கினான். அதோடு மேடைக்கு ஒரு கும்பிடு. தோப்புக்குள் வருகிற யானையைக்கூட அவன் "போயிட்டு வாங்க சாமி" என்றுதான் அனுப்புவானாம்.

பின்னே ஏன் நிறுத்தினாய் என்று கேட்டேன். தங்கவேலு சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். அவிநாசியில் அவனுக்கு ஒரு பெரியப்பா. அப்பா போன பிறகு எல்லாமே அவர்தான். அவருக்கு யாரோ புதுப் போன் வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு விடியலில் கட்டிலில் படுத்தபடி அதைத் திறந்தவரைத் தம்பி மகன் நேருக்கு நேர் பார்த்து, எந்திரிடா, வெக்கமா இல்லையா என்றிருக்கிறான். பெரியவர் எழுந்தார். சட்டை போட்டார். முதல் பேருந்து பிடித்து இங்கே வந்தார். வாசலில் நின்று, நான் உனக்கு என்ன குறை வைத்தேன் கண்ணு என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தண்ணி கொடுத்தமுங்க. குடிக்காமப் போயிட்டாரு" என்றான் தங்கவேலு. வீட்டில் ஒரு சாவு விழுந்ததைச் சொல்கிற குரலில் சொன்னான்.

அன்று போனை அணைத்தவன்தான். யார் யாரோ பெரியவர்கள் அந்தத் திட்டைக் கேட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சொந்தத்தில், அக்கம்பக்கத்தில் தன்னைவிட மூத்தவர்கள் யார் யார் பார்த்தார்கள் என்று விசாரித்து, தட்டத்தில் பழமும் வெற்றிலை பாக்கும் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். எல்லா வீட்டிலும் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்கள். மூன்று வாரத்தில் இடுப்புவாரில் இரண்டு துளை தள்ளிவிட்டதாகக் கவிதா சொன்னாள். அவிநாசிக்கு மட்டும் இன்னும் போகவில்லை. பயம்.

என் கதையைச் சொன்னேன். சோபா, சுவர், முதுகு எல்லாம். ஒரே ஒரு தடவை, மூன்று நிமிஷம், மாணிக்கம் என்று பேரைச் சொல்லித் திட்டித் தா, போனில் பிடித்துக்கொண்டு போய்விடுகிறேன் என்றேன். அவருக்கு என்ன வயசுங்க என்று கேட்டான். அறுபத்தேழு என்றேன். இலைக்கு முன்னாலிருந்து எழுந்தே விட்டான்.

"எங்கப்பா இருந்தா அந்த வயசுங்க. அவரையா டா போட்டுப் பேசிப்போட்டேன்?"

கையைக் கழுவிவிட்டு வந்து என்னிடமும் மன்னிப்புக் கேட்டான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கடல் தாண்டி வந்தது திட்டுக்கு, கிடைப்பது கும்பிடு. பெரியப்பா மனம் இறங்காமல் இவன் வாய் திறக்கப் போவதில்லை என்று தெரிந்தது. நாளைக்குக் காலையில் அவிநாசிக்குப் போகிறோம், நானும் வருகிறேன், எழுந்து தயாராக இரு என்று அவனுக்கு நான் உத்தரவு போட்டேன். சரிங்கம்மா என்றான். உலகத்துக்கே உற்சாகம் ஊட்டியவனை உந்தித் தள்ளுவதற்குத் தைப்பிங்கிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் அவன் அப்பாவின் பழைய காரில் போனோம். பின்சீட்டில் ஒரு வாழைத்தார், தேங்காய், வெற்றிலைக் கட்டு, அவற்றுக்கு நடுவில் நான். நகரத்தைத் தாண்டியதும் சாலை நன்றாக இருந்தது, அவன்தான் நாற்பதுக்கு மேல் போகமாட்டேன் என்றான். போய்ச் சேர அவசரமில்லாதவனின் வேகம். தெக்கலூர் பக்கம் ஒரு தேநீர்க் கடையைப் பார்த்ததும் தாகம் என்று நிறுத்தினான். ஒரு கிலோமீட்டருக்கு முன்னால்தான் இளநீர் குடித்திருந்தோம்.

தேநீர் முடிந்து வந்து சாவியைத் திருகினால் கார் 'டிக், டிக்' என்றது. கிளம்பவில்லை. பத்துத் தடவை திருகினான். அவன் முகம் மாறுவதைக் கண்ணாடியில் பார்த்தேன். நான் பின்சீட்டில் இருப்பதையே மறந்துவிட்டான்.

"எந்திரிடா! ஊருக்குள்ள என் மானம் போயிட்டிருக்குது, உனக்கு இங்க படுக்கை கேக்குதா? இன்னிக்கு இல்லீன்னா என்னைக்குடா நகருவே?"

அதே குரல், அதே வேகம். அவன் சாவியைத் திருகித் திருகித் திட்டிக்கொண்டே இருந்ததை, சத்தம் காட்டாமல் போனை எடுத்துப் பதிவு செய்தேன். காருக்குத்தான் திட்டு, ஆனால் அது மாணிக்கத்துக்குத் தெரியவா போகிறது? உடனே அனுப்பிவிட்டேன். கார் மட்டும் அசையவில்லை.

இரண்டு நிமிஷத்தில் என் போன் அடித்தது. மாணிக்கம். மாதக்கணக்கில் யாரையும் தானாக அழைக்காத மனிதர். எடுத்தேன்.

"யார்லா அவன், வண்டியைப் போட்டுத் திட்டிக்கிட்டு இருக்கான்? அது பேட்டரி டெர்மினல். சத்தத்துலயே தெரியலையா?"

அவருக்கு ஆள் யார் என்று தெரியவில்லை. திட்டை அவர் கேட்கவே இல்லை. அதற்கு அடியில் இருந்த 'டிக், டிக்'கைத்தான் கேட்டிருக்கிறார். சத்தமாகக் கேட்கும்படி போனைத் தங்கவேலுவின் பக்கம் நீட்டினேன்.

"டேய், பானெட்டைத் திறடா முதல்ல. டெர்மினல்ல பச்சையா பூத்திருக்கா? பூத்திருக்கும். ஒரு குவளை சுடுதண்ணி வாங்கி அது மேல ஊத்துடா. துடைச்சிட்டு முறுக்கு. கையால இல்லடா மடையா, ஸ்பேனர் எடு!"

"சரிங்க. சரிங்கய்யா. ஊத்தறனுங்க" என்று தங்கவேலு ஓடினான். தேநீர்க் கடைக்காரர் கெட்டிலோடு வந்தார். பச்சை கரைந்து வழிந்தது. முறுக்கினான், சாவியைத் திருகினான், கார் கிளம்பிவிட்டது. போனில் அந்தச் சத்தத்தைக் கேட்டு மாணிக்கம் "ம், ஆக்ஸிலேட்டரை ரொம்ப மிதிக்காதேன்னு சொல்லு" என்றார். அவர் நின்றுகொண்டு பேசுகிறார் என்பது குரலிலேயே தெரிந்தது. படுத்துக்கொண்டு பேசும்போது அவருக்கு மூச்சு வேறு மாதிரி வரும், எனக்குத் தெரியாதா? நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெயில் என்று தங்கவேலுவிடம் சொன்னேன்.

பேசியது யார் என்று அவனுக்குச் சொன்னதும் ஓரங்கட்டி நிறுத்திவிட்டான். அவரா, அவரையா நான் சுடுதண்ணி வரும்வரை போனில் காக்கவைத்தேன் என்று புலம்பினான். எனக்கு அவனை ஓர் அறை விட வேண்டும்போல இருந்தது.

அவிநாசியில் கோயில் தேருக்குப் பின்பக்கத் தெருவில் வீடு. பெரியப்பா வெள்ளை வேட்டி, வெள்ளை பனியனுடன் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். தங்கவேலு தட்டத்தை வைத்துக் காலில் விழுந்தான். அவர் என்னைப் பார்த்து, வா அம்மணி, முதலில் தண்ணி குடி என்றார். எங்கள் இருவருக்கும் சொம்பில் தண்ணீர் வந்தது. குடித்தோம். ஒப்புட்டு என்று அவர்கள் சொல்லும் போளி வந்தது, தின்றோம். காப்பி வந்தது. அதுவரைக்கும் அவர் மழையைப் பற்றித்தான் பேசினார்.

பிறகு அவனைப் பார்த்துச் சொன்னார்:

"நீ திட்டுனது எனக்குக் கோவமில்ல கண்ணு. நானும் படுத்துத்தான் கெடந்தேன். ஆனா திட்டோணும்னா ஊட்டுக்கு வந்து திட்டோணும். ஒரு வாய் காப்பி குடிச்சுப்போட்டுத் திட்டோணும். ஊருக்கெல்லாம் போன்ல திட்டற மாதிரி எனக்கும் திட்டுனா, நானும் ஊரானா உனக்கு?"

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்ப வந்துட்ட, காப்பியும் குடிச்சாச்சு, திட்டு என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை, நிஜமாகவே காத்திருந்தார். நானும் போனை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டேன். தங்கவேலு மூச்சை இழுத்தான். வாயைத் திறந்தான்.

"பெரீப்பா, இன்னுங் கொஞ்சம் காப்பி குடிக்கறீங்களா?"

அந்த வீடு சிரித்த சிரிப்பில் நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் உள்ளே எனக்கு அழுகைதான். வந்த காரியம் முடிந்துபோயிற்று. மன்னிப்பு கிடைத்தவன் இனி எந்தப் பெரியவரையும் போனில் திட்டப் போவதில்லை, நேரில் திட்ட அவனால் முடியாது. என் கணவருக்குக் கொண்டுபோக ஒரு வசவுகூட மிச்சமில்லை.

திரும்பும் வழியில் தங்கவேலு சொன்னான்: "அய்யாகிட்டயும் நேர்ல வந்து கேக்கோணுமுங்க. போன்ல கேட்டா அது மன்னிப்பாகுங்களா? பாஸ்போர்ட் எடுத்துப்போட்டு நானும் கவிதாவும் வாரோமுங்க." வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். பழம் அந்த ஊரில் கிடைக்குங்களா, இங்கிருந்தே கொண்டுவரட்டுங்களா என்றுதான் கேட்டான். அன்று சாயங்காலம் மாணிக்கத்தை அழைத்து, இப்படி ஒரு விருந்தாளி வருவானாம் என்று சொன்னேன். "ம்" என்றார். வைத்துவிட்டார். லாட்ஜ் சன்னலிலிருந்து குளத்தைப் பார்த்துக்கொண்டு, ரோட்டுக்கடையில் வாங்கிவந்த காளானைத் தின்றேன். அது நன்றாக இருந்தது என்பதே எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஊருக்குத் திரும்பும் நாள். நல்ல தூக்கத்தில் போன் அடித்தது. வெளியே இருட்டு. தலையணைக்கடியில் தேடி எடுத்தேன்.

"ஏய் சரசு, மணி ஏழாச்சு. இன்னும் என்னா படுக்கை? எழுந்திரு."

மாணிக்கம்தான். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். வீட்டுக்கு ஆள் வருதுன்னு சொல்றே, வாசல் கேட் துருப்பிடிச்சுக் கிடக்கு, அதுக்கு அடிக்கிற சாயம் எங்கே வச்சே, ஸ்டோர் ரூமைத் தலைகீழாக் கவுத்துட்டேன், சோபாவை வாசல்ல தூக்கிப் போட்டாச்சு, அதுல எவன் உட்காருவான், வரும்போது நல்ல வெற்றிலைப் பாக்குத் தட்டு ஒண்ணு வாங்கிட்டு வா. பின்னால் எதையோ சுரண்டுகிற சத்தமும் பாத்திமாவின் சிரிப்பும் கேட்டன.

இங்கே மணி நாலரைதான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சாயம் சமையலறைத் தொட்டிக்குக் கீழே இருக்கிறது என்று சொல்லிவிட்டு, விளக்கைப் போட்டு, எழுந்தேன்.